தேடுபொறியில் 'சொல்' வாங்கிய வாசகிக்கு: உங்கள் பணம் எந்த உரிமத்தின் கீழ் இருக்கிறது?

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன்.

எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் நைட்டி, சுடிதார், குழந்தைகள் உடை விற்கும் சிறிய கடையை இவர் நடத்துகிறார். கணவர் துறைமுகத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. இணையத்தில் துணி வாங்கும் பழக்கம் பெருகி, கடைக்கு வரும் கூட்டம் குறைந்திருந்த நேரத்தில், கணவரின் தம்பி ஒரு செயலியை அறிமுகப்படுத்தினார். பொருள்களைத் தேடுவோருக்குக் கடைகளையும் விலைகளையும் காட்டுவதோடு, மக்கள் எதை அதிகமாகத் தேடுகிறார்கள், எதை வாங்குகிறார்கள் என்பதைக் கொண்டு எந்தப் பங்கு ஏறும், எது இறங்கும் என்றும் முன்கூட்டியே சொல்லும் தேடுபொறி என்று அது தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது. ஆண்டுக்கு 6,000 ரூபாய் கட்டி வாசகி தம் கடையை அதில் சேர்த்தார். பிறகு 'நைட்டி', 'பள்ளிச் சீருடை' போன்ற தேடல் சொற்களை ஒவ்வொன்றும் 25,000 ரூபாய்க்கு வாங்கலாம் என்றும், அந்தச் சொல்லால் வரும் விளம்பர வருமானத்தையும் கணிப்பின்படி சந்தையில் செய்யும் முதலீட்டின் லாபத்தையும் சேர்த்து மாதம் 4 விழுக்காடு தருவோம் என்றும் சொன்னார்கள். எட்டு சவரன் நகையை வங்கியில் அடகு வைத்து, 12 சொற்களை 3,00,000 ரூபாய்க்கு வாங்கினார். ஐந்து மாதம், மாதத்துக்கு 12,000 ரூபாய் ஒழுங்காக வந்தது. அதைப் பார்த்து மகளிர் குழுத் தோழிகள் ஆறு பேர் மொத்தம் 2,75,000 ரூபாய் கொடுத்தார்கள். அது இவருடைய ஜி-பே வழியாகவே நிறுவனத்துக்குச் சென்றது. இவருக்கு 5 விழுக்காடு கமிஷனாக 13,750 ரூபாய் வந்தது. இப்போது இரண்டு மாதமாகப் பணம் வரவில்லை. செயலியின் வாலட்டில் மட்டும் 7,40,000 ரூபாய் இருப்பதாகக் காட்டுகிறது. அதை வெளியே எடுக்க 18 விழுக்காடு ஜி.எஸ்.டி., அதாவது 1,33,200 ரூபாயை, மாதக் கடைசிக்குள் முன்பணமாகக் கட்ட வேண்டும் என்கிறார்கள்.

"நிறுவனம் முறையாகப் பதிவானது, 100 ரூபாய் பத்திரமும் தேதியிடாத செக்கும் கையில் இருக்கின்றன, தேடல்களை வைத்துச் சந்தையைக் கணிப்பது வெளிநாட்டில் எல்லாரும் செய்வதுதான் என்று கொழுந்தனார் சொல்கிறார். புகார் கொடுத்தால் கம்பெனியை மூடிவிடுவார்கள், போட்டது மொத்தமும் போய்விடும் என்றும் சொல்கிறார். மீதி நகையையும் வைத்து வரியைக் கட்டி எடுத்துவிடலாமா?" என்பது வாசகியின் கேள்வி.

அன்புள்ள வாசகிக்கு,

அந்த 1,33,200 ரூபாயைக் கட்டாதீர்கள். மாதக் கடைசிக்குள் நீங்கள் முடிவெடுக்க வேண்டும் என்பதால் இதை எல்லாவற்றுக்கும் முன்பாகச் சொல்கிறேன். ஒருவர் தம்முடைய பணத்தைத் திரும்ப எடுப்பதற்கு ஜி.எஸ்.டி. கிடையாது, அது பொருளுக்கும் சேவைக்கும் உரிய வரி. வட்டிக்கோ கமிஷனுக்கோ வருமான வரி பிடிக்க வேண்டியிருந்தால், கொடுப்பவர் அதைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார். இவற்றுக்காக வாங்குபவரிடம் முதலில் கட்டச் சொல்லும் நடைமுறை இல்லை. வாலட்டில் உண்மையிலேயே 7,40,000 ரூபாய் இருந்தால், வரியை அதிலேயே கழித்துக்கொள்ளுங்கள் என்று எழுத்தில் கேட்டுப் பாருங்கள். என்ன காரணம் சொல்லி மறுக்கிறார்கள் என்பதிலிருந்தே அந்த எண்ணுக்குப் பின்னால் பணம் இருக்கிறதா என்பது விளங்கிவிடும்.

உங்கள் கணக்கையும் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. நீங்கள் இழந்து நிற்பது 7,40,000 ரூபாய் அன்று. கொடுத்தது 3,00,000, திரும்ப வந்தது 60,000, ஆகவே நிற்பது 2,40,000. வங்கி ஏடுகளைக் கொண்டு நீங்கள் நிறுவக்கூடிய இழப்பு இவ்வளவுதான். திரையில் தெரிந்த பெரிய எண்ணை உங்கள் சொத்து என்று மனம் பிடித்துக்கொண்டிருக்கும் வரை, அதை மீட்க இன்னும் கொஞ்சம் கட்டலாம் என்ற எண்ணமும் போகாது.

கணிப்பு என்பது உண்மையா?

உங்கள் கொழுந்தனார் சொல்வதில் ஒரு பாதி உண்மை. அதனால்தான் அது எடுபடுகிறது. கூகுளில் பணியாற்றிய ஹியூன்யங் சோய், ஹால் வேரியன் என்ற பொருளியலாளர்கள் 2009 ஆம் ஆண்டிலேயே தேடல் எண்ணிக்கைகளைக் கொண்டு கார் விற்பனை, சுற்றுலா போன்றவற்றின் போக்கை அளந்து காட்டினார்கள். ஆனால் தங்கள் கட்டுரைக்கு அவர்கள் வைத்த தலைப்பே 'நிகழ்காலத்தைக் கணித்தல்' என்பதுதான்: அரசின் புள்ளிவிவரம் வெளிவரச் சில வாரங்கள் ஆகும், தேடல் எண்ணிக்கை உடனே கிடைக்கும், அவ்வளவே. 2011 இல் வெளியான மற்றோர் ஆய்வு, ஒரு பங்கைப் பற்றிய தேடல் அதிகரித்தால் அதன் விலை அடுத்த இரண்டு வாரங்களில் ஏறுவதையும், ஓராண்டுக்குள் அந்த ஏற்றம் திரும்ப இறங்கிவிடுவதையும் கண்டது. அந்த இரண்டாம் பாதியை விற்பனையாளர்கள் சொல்வதில்லை. 2013 இல் 'கடன்' என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் தேடலை வைத்துப் பங்குகளை வாங்கி விற்றிருந்தால் லாபம் வந்திருக்கும் என்று ஓர் ஆய்வு சொன்னது உண்மை. ஆனால் அது நடந்து முடிந்த ஆண்டுகளின் விலைகளின் மீது போட்டுப் பார்த்த கணக்கு. தேடல்களைக் கொண்டு காய்ச்சல் பரவலைக் கணிக்க கூகுள் 2008 இல் தொடங்கிய சேவையோ, 2012-13 குளிர்காலத்தில் உண்மை நிலவரத்தை மிகையாகக் காட்டித் தவறி, 2015 இல் நிறுத்தப்பட்டது.

இதை உங்கள் தொழிலிலேயே பார்க்கலாம். ஆடித் தள்ளுபடிக்கு முன் எம்.சி. ரோட்டில் எந்த ரகம் ஓடும் என்று உங்களுக்கு எந்தப் பொறியும் சொல்ல வேண்டியதில்லை. சரக்கை முன்பே பிடித்து வைத்திருப்பீர்கள். ஆனால் நைட்டி நன்றாக விற்கும் என்று தெரிவதால், அந்தத் துணியை நெய்த ஆலையின் பங்கு எவ்வளவு ஏறும் என்று தெரிந்துவிடாது. ஆடியில் விற்பனை கூடும் என்பது ஊருக்கே தெரிந்த செய்தி. தெரிந்த செய்தி விலையில் ஏற்கெனவே ஏறியிருக்கும். மாதம் 4 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 48. லாபத்தையும் திரும்பப் போட்டால் ஏறத்தாழ 60. அப்படி ஈட்டித் தரும் கணிப்பு கையில் இருப்பவர், அதைவிடப் பல மடங்கு குறைந்த வட்டிக்கு வங்கியிலேயே கடன் வாங்கியிருப்பாரே தவிர, உங்கள் நகையை நம்பி வந்திருக்க மாட்டார். ஊகச் சந்தையின் நிலவரத்தைப் பங்குச் சந்தை ஒழுங்காற்று வாரியமான செபியே 2024 செப்டம்பரில் வெளியிட்டது: 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், பங்குகளின் எதிர்கால விலையை ஊகித்து முன்பேர வணிகம் செய்த தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்தார்கள்.

இருந்தாலும், கணிப்பு சரியா தவறா என்ற வாதத்தில் உங்கள் கொழுந்தனாரோடு இறங்க வேண்டாம் என்றே சொல்வேன். அதில் முடிவு காண முடியாது. அவர் ஒரு வரைபடத்தைக் காட்டுவார், நீங்கள் இன்னொன்றைக் கேட்பீர்கள். பணம் யாருடைய பெயரில், எந்த உரிமத்தின் கீழ் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள்.

உரிமம் பற்றி

இந்த நிறுவனம் மூன்று தொழில்களை ஒரே செயலியில் கட்டியிருக்கிறது. மூன்றுக்கும் சட்டம் வேறு வேறு. கடைகளைப் பட்டியலிடுவது இணைய வணிகம். அதற்கு 2020 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு இணைய வணிக விதிகள் பொருந்தும். கட்டணம் பெற்றுக்கொண்டு இந்தப் பங்கை வாங்கு, அதை விற்று விடு என்று சொல்வதற்கு, செபியின் 2013 ஆம் ஆண்டின் முதலீட்டு ஆலோசகர் விதிகளின்படியோ 2014 ஆம் ஆண்டின் பங்கு ஆய்வாளர் (ரிசர்ச் அனலிஸ்ட்) விதிகளின்படியோ பதிவு வேண்டும். அந்தப் பதிவு எண் ஐ.என்.ஏ. அல்லது ஐ.என்.எச். என்ற எழுத்துகளோடு தொடங்கும். செபியின் இணையதளத்தில் எவரும் சரிபார்க்கலாம். பதிவு பெற்றவராக இருந்தாலும், இவ்வளவு லாபம் நிச்சயம் என்று உறுதியளிக்க அவருக்கு அனுமதி இல்லை.

மூன்றாவது, பலரிடமிருந்து பணம் திரட்டி முதலீடு செய்வது. உங்கள் பெயரில் பங்குகள் வாங்கப்பட்டிருந்தால் அவை, பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் உங்கள் டீமேட் கணக்கில் இருக்கும், அந்தக் கணக்குகளைப் பராமரிக்கும் என்.எஸ்.டி.எல். அல்லது சி.டி.எஸ்.எல். நிறுவனத்தின் அறிக்கையில் தெரியும். உங்களுக்கு டீமேட் கணக்கே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உங்கள் பெயரில் ஒரு பங்கும் வாங்கப்படவில்லை. பணத்தைப் பொதுவில் திரட்டி, முதலீட்டாளருக்கு அன்றாட நிர்வாகத்தில் இடமின்றி, லாபம் தருவதாகச் சொல்லி நடத்தும் ஏற்பாட்டை செபி சட்டத்தின் 11ஏஏ பிரிவு கூட்டு முதலீட்டுத் திட்டம் என்கிறது. அதைப் பதிவின்றி நடத்த முடியாது. இல்லை, இது வைப்புத் தொகைதான் என்றால், ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் 2019 ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும், தமிழ்நாட்டின் 1997 ஆம் ஆண்டு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டமும் வரும். இது முதலீடும் இல்லை, வைப்பும் இல்லை, 'சொல்' என்ற விளம்பர இடத்தின் விலை என்று நிறுவனம் வாதிடும். வணிகத்துக்காகக் கொடுக்கும் முன்பணத்துக்குச் சட்டத்தில் விலக்கு இருப்பது உண்மைதான். ஆனால் அது உண்மையான வணிகத்தோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும். 'பள்ளிச் சீருடை' என்ற சொல்லை வாங்கிய உங்கள் தோழியர் சிலருக்குக் கடையே இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விற்க ஒன்றும் இல்லாதவர் விளம்பர இடம் எதற்கு வாங்கினார்?

கையிலிருக்கும் காகிதங்கள்

சுவரில் மாட்டியிருக்கும் நிறுவனப் பதிவுச் சான்றிதழும் ஜி.எஸ்.டி. பதிவும், அப்படி ஒரு நிறுவனம் இருக்கிறது என்பதற்கு மட்டுமே சான்று. பொதுமக்களிடம் பணம் திரட்டும் உரிமையை அவை தருவதில்லை. 100 ரூபாய் பத்திரமும் அப்படித்தான்: தடை செய்யப்பட்ட ஒன்றை முத்திரைத்தாளில் எழுதுவதால் அது செல்லுபடியாகிவிடாது. ஆனாலும் சாட்சியமாக அதற்கு மதிப்பு உண்டு. ஆகவே புதுப்பித்துத் தருகிறோம், பழையதைக் கொடுங்கள் என்று கேட்டால் மூலப் பத்திரத்தைக் கொடுத்துவிடாதீர்கள். இத்தகைய நிறுவனங்கள் நெருக்கடியில் முதலில் செய்வது, வெளியே இருக்கும் பத்திரங்களைத் திரும்பச் சேர்ப்பதுதான்.

செக் விஷயத்தில் உங்களுக்கு ஓரளவு பலம் இருக்கிறது, கெடுவும் இருக்கிறது. தேதியிட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் வங்கியில் செலுத்த வேண்டும். திரும்பி வந்தால், வங்கி தெரிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் வழக்கறிஞர் அறிவிப்பு. அது கிடைத்த 15 நாளுக்குள் பணம் வரவில்லையென்றால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138 ஆம் பிரிவின்படி புகார். தேதியை நீங்களாக எழுதுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

கமிஷன் 13,750

நீங்கள் கேட்காத கேள்வி இது. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்ததும் இதுதான். மேலே சொன்ன 2019 ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் 5 ஆம் பிரிவு, இத்தகைய திட்டத்தில் சேரும்படி ஒருவரைத் தூண்டுவதற்காக, பொய்யான அல்லது தவறாக வழிநடத்தும் கூற்றையோ வாக்குறுதியையோ முன்கணிப்பையோ தெரிந்தே சொல்லக் கூடாது என்கிறது. மீறினால் ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறை. முன்கணிப்பு என்பதையும் சட்டம் தனியாகவே குறிப்பிட்டிருப்பதைக் கவனியுங்கள். 'தெரிந்தே' என்பதுதான் இதுவரை உங்களுக்குக் காப்பு. உங்கள் நகையையே அடகு வைத்துப் போட்டவர் நீங்கள் என்பது, நம்பித்தான் சொன்னீர்கள் என்பதற்கு நல்ல ஆதாரம்.

ஆனால் கடிதத்தின் நடுவில், போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறது. ஆறாவதாகச் சேர்ந்தவர், காசிமேட்டில் மீன் விற்பவர், மூன்று வாரத்துக்கு முன்புதான் 50,000 ரூபாய் கொடுத்தார் என்கிறீர்கள். உங்களுக்குப் பணம் வருவது நின்று அப்போது ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதை அவரிடம் சொன்னீர்களா என்று எழுதவில்லை. விசாரணை அதிகாரி கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். கமிஷன் தொகையிலிருந்து முதலில் அவருக்குத் திருப்பிக் கொடுங்கள். கையில் கொடுக்காமல் வங்கி வழியாக, காரணத்தைக் குறித்து அனுப்புங்கள். இது பொறுப்பை முழுவதும் நீக்கிவிடாது. ஆனால் புகார் எழுவதற்கு முன் தானாக முன்வந்து கொடுத்தார் என்பது உங்கள் பக்கம் நிற்கும். இன்று முதல் இந்தத் திட்டத்தைப் பற்றி எவரிடமும் நல்ல வார்த்தை ஒன்றுகூடச் சொல்லாதீர்கள். ஆறு பேரையும் அழைத்து நிலைமையை உள்ளபடி சொல்லிவிடுங்கள். அவர்களில் ஒருவர் தனியே புகார் கொடுத்தால், பணம் உங்கள் கணக்கு வழியே சென்றிருப்பதால் முதலில் முடக்கப்படுவது உங்கள் கணக்காகத்தான் இருக்கும். கடை வரவு செலவும் அதே கணக்கில் நடக்கிறது என்பதை மறக்க வேண்டாம். சேர்ந்து போனால் நீங்களும் பாதிக்கப்பட்டவர்களில் ஒருவர்.

புகார் கொடுத்தால் மூடிவிடுவார்களா?

மூடலாம். பணம் கொடுப்பதை நிறுத்தி, வரி என்று மேலும் கேட்கத் தொடங்கியபோதே அவர்கள் பாதி மூடிவிட்டார்கள். புகார் தாமதமாவதால் அவர்களுக்குத்தான் லாபம்: பணம் கணக்கு மாறும், சொத்து உறவினர் பெயருக்குப் போகும். முதலில் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் சொல்லுங்கள். மோசடிப் பணம் நகர்ந்த சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் அதைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அதிகம். உங்கள் பணத்துக்கு அந்த நேரம் கடந்துவிட்டது. இருந்தாலும் கணக்கு எண்கள் பதிவாகும். அதே கணக்கைப் பற்றி வேறு புகார்கள் இருந்தால் இணைக்கப்படும். அடுத்து, ஏழு பேரும் சேர்ந்து தமிழகக் காவல் துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். 1997 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிறுவனத்தின் சொத்துகளை அரசு முடக்கவும், சிறப்பு நீதிமன்றத்தின் வழியாக முதலீட்டாளர்களுக்கு விகிதப்படி பகிர்ந்தளிக்கவும் வழி இருக்கிறது. வழி இருக்கிறது என்றுதான் சொல்கிறேன். அதற்கு ஆண்டுகள் ஆகலாம், முழுத்தொகை வருவது அரிது. சட்டவிரோதமாகப் பணம் திரட்டுவோரைப் பற்றிப் புகார் செய்வதற்கான ரிசர்வ் வங்கியின் 'சசேத்' இணையதளத்திலும் தகவல் தரலாம். செபியின் 'ஸ்கோர்ஸ்' என்ற புகார் தளம் பெரும்பாலும் அங்கே பதிவு பெற்றவர்கள் மீதான குறைகளுக்கானது. ஆகவே அதை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். லாபம் கருதிப் போட்ட 3,00,000 ரூபாய்க்கு, நீங்கள் நுகர்வோரே இல்லை என்ற எதிர்வாதம் வலுவாக இருக்கும். பட்டியல் கட்டணம் 6,000 ரூபாயின் நிலை வேறு: சுயதொழிலால் பிழைப்பு நடத்துபவர் தொழிலுக்காகப் பெறும் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது. முதல் மாதம் மேலே தெரிந்த உங்கள் கடை பிறகு கீழே போய்விட்டது என்கிறீர்கள். வரிசையை எந்த அடிப்படையில் தீர்மானிக்கிறார்கள் என்பதை இணையச் சந்தைகள் விளக்கியாக வேண்டும் என்பது 2020 ஆம் ஆண்டு விதி. சென்னை வடக்கு மாவட்ட ஆணையத்தில், நீங்கள் குடியிருக்கும் இடத்தை வைத்தே, இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. ஆனால் இது அவசரம் இல்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்று தயங்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12 ஆம் பிரிவின்படி, பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். போகும்போது வங்கி அறிக்கை, பத்திரம், செக், வாட்ஸ்ஆப் உரையாடல், வாலட் திரையின் படம் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கிக்கொண்டு போங்கள். செயலியை நீக்குவதற்கு முன் படங்களை எடுத்துவிடுங்கள். ஆதார், பான் நகல்களைக் கொடுத்திருப்பதால் ஆதாரின் கைரேகைப் பதிவைப் பூட்டிவைத்து, உங்கள் பெயரில் புதிய கடன் ஏதும் எழுந்திருக்கிறதா என்று உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையிலும் பாருங்கள்.

கொழுந்தனார் விஷயம் குடும்ப விஷயமும் கூட. அவர் உங்களை ஏமாற்றினார் என்று கடிதத்திலிருந்து என்னால் சொல்ல முடியாது. அவரும் உங்களைப் போலவே வேறு ஒருவரால் சேர்க்கப்பட்டவராக இருக்கலாம். புகாரில் அவர் பெயரை மறைக்கவும் வேண்டாம், குற்றவாளி என்று எழுதவும் வேண்டாம்; யார் அறிமுகப்படுத்தினார், எந்தத் தேதியில், யார் கணக்குக்குப் பணம் போனது என்று நடந்ததை மட்டும் எழுதுங்கள். புகார் கொடுப்பதற்கு முந்தைய நாள் கணவரை உடன் வைத்துக்கொண்டு அவரிடம் சொல்லிவிடுங்கள். அவரும் பணம் இழந்திருந்தால் உங்களோடு சேர்ந்து கையெழுத்திடட்டும்.

அடகிலிருக்கும் எட்டு சவரனுக்கு மாதம் வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது. கெடு எந்தத் தேதியில் முடிகிறது என்று அடகுச் சீட்டைப் பாருங்கள்; நகைக் கடனுக்குப் பெரும்பாலும் 12 மாதம்தான் கெடு, அது கடந்தால் ஏல அறிவிப்பு வரும். வரிக்கென்று புரட்ட நினைத்த தொகையில் ஒரு சிறு பகுதி போதும்; வட்டியை மட்டுமாவது கட்டி, புதுப்பிக்க முடியுமா என்று இந்த வாரமே வங்கியில் கேளுங்கள்.